சம்பா வயலில் யந்திர வகுப்பு நடத்துக!

தை பிறந்துவிட்டால் திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரே பேச்சுதான்: "மிஷின் வந்ததா?" லால்குடியில் கேட்கிறார்கள், அந்தநல்லூரில் கேட்கிறார்கள், ஸ்ரீரங்கத்திற்கு அப்பால் கொள்ளிடக் கரையிலும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் இதே மக்கள் "ஆள் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

சென்ற தையில் ஜீயபுரம் பக்கத்து வயல் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். முந்தின இரவு கடும் பனி. காலை 7 மணிக்கே அறுவடை யந்திரத்தை இறக்கிவிட்டார்கள். அரைமணிக்குள் ஈர வைக்கோல் கதிரடிக்கும் உருளையில் சுற்றிக்கொண்டது. ஓட்டிய பையனுக்கு 20 வயதிருக்கும், ஆத்தூர்ப் பக்கத்தவன். கீழே குதித்தான்; எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை உள்ளே நீட்டினான். வரப்பில் நின்ற ஒரு மூதாட்டி போட்ட கூச்சலில் கையை இழுத்துக்கொண்டான். தப்பித்தான்.

"யாரப்பா உனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது?" என்றேன்.

"யாரும் சொல்லித் தரலண்ணே. ரெண்டு சீசன் கிளீனரா இருந்தேன். டிரைவர் தூங்கறப்போ ஓட்டிப் பழகிக்கிட்டேன்."

தோழர்களே, இதுதான் நமது நாட்டில் யந்திரக் கல்வியின் நிலை! பல லட்சம் ரூபாய் யந்திரம், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு, ஓர் இளைஞனின் கை - எல்லாம் டிரைவர் தூங்கும் நேரத்தை நம்பியிருக்கின்றன.

குளிர்காலத்தில் யந்திரம் பழகுவது என்றால் சோவியத் நாட்டில் வேறு அர்த்தம். வயல்கள் உறைபனியில் மூடிக் கிடந்த மாதங்களில் அங்கே டிராக்டர் நிலையங்களில் பழுதுபார்க்கும் வேலையும் டிரைவர் வகுப்பும் நடந்தன. நமக்கோ பனிக்காலமே அறுப்புக் காலம். நமது பனி டீசலை உறைய வைக்காது. காதைக் கட்டிக்கொள்ளச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அது கதிரை நனைக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல்தான் மூடப்படுவதால் வயலில் சேறும் இருக்கிறது. பனியிலும் சேற்றிலும் ஓட்டுவதுதான் நமது பாடம்.

இந்தப் பாடத்தைக் கோடையில், காய்ந்த மைதானத்தில் படிக்க முடியுமா? பனி உலரும் முன் யந்திரத்தை இறக்கக் கூடாது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். சேற்றில் டயர் வண்டி புதையும். பெல்ட் வண்டி தாங்கும். ஆனால் நின்ற இடத்தில் வெடுக்கென்று திருப்பினால் பெல்ட் கழன்றுவிடும். சாய்ந்த பயிரை, அது சாய்ந்த திசைக்கு எதிரே நின்று மெதுவாக அறுக்க வேண்டும். காற்றாடியின் வேகம் மிஞ்சினால் நல்ல நெல்லும் பதரோடு பறக்கும். அடைப்பை எடுப்பதானால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே உள்ளே கையை விட வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம். கைக்குப் பழக்கம் வருவது வயலில்தான்.

ஈரநெல்லை அறுத்தால் நஷ்டம் யாருக்கு? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்றால் வாங்க மாட்டேன் என்பதுதான் பொது விதி. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது. சர்க்கார் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அப்படிச் சாய்ந்த பயிரில் சிந்தாமல் அறுக்கத் தெரிந்தவன் ஊருக்கு ஒருவன் இருந்தாலும் எத்தனை மூட்டை மிஞ்சும்!

கற்றுக்கொடுக்க நிலையங்கள் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955 முதலே மத்திய சர்க்காரின் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையம் இயங்குகிறது. தெற்கே ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் ஒன்று உள்ளது. நமது லால்குடி வட்டம் குமுளூரிலேயே வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுப் பிள்ளை, கூலியை விட்டுவிட்டு அனந்தபூர் போவானா? படிப்புதான் வயலைத் தேடி வரவேண்டும்.

"யந்திரம் நம் கூலியைப் பறித்தது. அதை நாம் ஏன் கற்க வேண்டும்?" என்று மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் தாயார் மரக்கால் கணக்கில் கூலி நெல் வாங்கி எங்களை வளர்த்தவர். அவர் கையிலிருந்த அரிவாள் சும்மா கிடந்த வருஷத்தை நான் மறக்கவில்லை. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களை எரித்ததன் பின்னணியும் கூலிப் போராட்டம்தான். ஆனால் யந்திரம் நம்மைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. திரும்பிப் போகப் போவதுமில்லை. அது யாருக்குச் சொந்தம், அதன் மேல் உட்காருவது யார், வாடகையை நிர்ணயிப்பது யார் என்பதே இன்றைய கேள்வி. அந்த ஆத்தூர்ப் பையன் நமக்கு எதிரியல்ல. அவனும் கூலிக்காரன்தான், நம்மைப் போலவே கற்றுத்தர ஆளில்லாதவன்.

பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1933-லேயே உக்ரேனில் பாஷா ஆஞ்செலினா பெண்களை மட்டும் கொண்ட டிராக்டர் படையை அமைத்து உழுது காட்டினார். நடவும் களையும் செய்த நம் பெண்களுக்குச் சேறு புதிதல்ல.

ஆகவே நாம் கேட்பது இவைதான். வேளாண் பொறியியல் துறையும் குமுளூர்க் கல்லூரியும் ஒவ்வொரு தையிலும் சம்பா வயலிலேயே பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். நிலமற்ற வீட்டு இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதலிடம் தர வேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலி தர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் பெல்ட் யந்திரங்களை வாங்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களிடமே ஓட்டத் தர வேண்டும். ஓட்டுகிறவர் அனைவருக்கும் விபத்துக் காப்பீடு வேண்டும்.

அன்று ஒரு மூதாட்டியின் கூச்சல் ஒரு கையைக் காப்பாற்றியது. எல்லா வயல் வரப்பிலும் அந்த மூதாட்டி நிற்க மாட்டாள். அடுத்த தைக்குள் நமது கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கிராமம் கிராமமாகக் கையெழுத்துத் திரட்டி இந்தக் கோரிக்கையைக் கலெக்டரிடம் கொண்டுசெல்லட்டும்!