கல்லாவில் கை வைத்துக் கட்டும் வீடும் கல்யாணமும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒன்றுக்கு ஒன்றாக இரண்டு 'பார்' போட்டார்களே தவிர, இரண்டையும் ஒரே வருடத்தில் செய்து பார் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வணிகக் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது அதுதான். பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதே மனையில் அஸ்திவாரமும் தோண்டத் தொடங்கிவிடுகிறோம்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடையின் மாடியிலோ, பின்கட்டிலோ, வாடகை வீட்டிலோ இருபது வருடம் குடியிருந்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் நம்மில் அதிகம். லாபம் வந்தபோதெல்லாம் அதைச் சரக்கில் போட்டார்கள். சம்பந்தம் பேச ஆட்கள் வரும்போதுதான் சொந்த வீடு இல்லையே என்பது உறுத்துகிறது. 'மருமகள் புது வீட்டில் விளக்கேற்றட்டும்' என்கிறார் வீட்டம்மா. 'சொந்தக்காரர்களை இரண்டு தடவை அழைத்துப் பந்தி போடுவதை ஒரே தடவையாக முடித்துவிடலாம்' என்கிறார் பெரியப்பா. கேட்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி. பல குடும்பங்களில் அது கல்லாவிலிருந்து வருகிறது. முதல் வீட்டைக் கட்டுவதற்காகக் கடை முதலையே கரைப்பது, ஒரு வணிகன் வாங்கக்கூடிய கடன்களிலேயே அதிக வட்டியுள்ள கடன் என்பது நமது உறுதியான கருத்து. வட்டிச் சீட்டு யாரும் அனுப்புவதில்லை என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் 20 லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வருடத்துக்கு 8 முறை சுழல்கிறது. கொள்முதல் விலையின் மேல் 8 சதவீதம் நிற்கிறது. இதிலிருந்து 10 லட்சத்தை வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் உருவினால், அந்த 10 லட்சம் ஒரு வருடத்தில் 80 லட்ச ரூபாய்ச் சரக்காகச் சுழன்று ஈட்டியிருக்கும் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நின்றுபோகிறது. அதே 10 லட்சத்தை வீட்டுக் கடனாக வாங்கி, வட்டி 9 சதவீதம் என்று வைத்தாலும், முதல் வருட வட்டி 90 ஆயிரத்தைத் தாண்டாது. கடை வாடகையும், ஆள் சம்பளமும், மின் கட்டணமும் சரக்கு பாதியானதால் பாதியாவதில்லை. 'இந்தச் சாமான் இல்லை' என்று இரண்டு தடவை சொல்லக் கேட்ட வாடிக்கையாளர் மூன்றாவது தடவை நம் படி ஏறுவதில்லை. அந்த நஷ்டத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

காலமும் நமக்கு எதிராகவே நிற்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களைப் பெரும்பாலான குடும்பங்கள் சுபகாரியத்துக்கு ஒதுக்கிவிடுகின்றன. மிஞ்சுவது தை, வைகாசி, ஆவணி, ஐப்பசி போன்ற மாதங்கள். தீபாவளிச் சரக்குக்கு ஆவணியிலும் புரட்டாசியிலும் பணம் கட்டியாக வேண்டும். புது மஞ்சளும், மிளகாயும், துவரையும், புளியும் சந்தைக்கு வருவது தை தொடங்கிப் பங்குனி வரையில்தான். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம், நகை, பட்டு என்று பணத்தைக் கொடுத்துவிட்ட ஜவுளிக்கடைக்காரர் எதை வைத்து தீபாவளிக்குக் கொள்முதல் செய்வார்? தையில் முகூர்த்தம் வைத்த மளிகை மொத்த வியாபாரி எதை வைத்துப் புதுச்சரக்கை இருப்பு வைப்பார்? வீட்டு வேலையிலும் தரை, கதவு, ஜன்னல், மின் வேலை, குழாய் வேலை, பெயிண்ட் என்று கை கடிக்கும் செலவுகள் கடைசி மாதங்களில்தான் வருகின்றன. நகையும் பட்டும் வாங்கும் நேரமும் அதுவே.

வங்கியில் ஓ.டி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரக்கு இருப்பைக் காட்டித்தான் வங்கி நமக்கு அந்த வரம்பைத் தந்திருக்கிறது. இருப்பு குறைந்தால் எடுக்கக்கூடிய தொகையும் குறையும். ஓ.டி. பணத்தைச் செங்கலுக்கும் சீர்வரிசைக்கும் திருப்பினால், அந்தத் தொகைக்கான வட்டியை வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்டவும் இயலாது. பிறகு கை நீளுவது ஏலச்சீட்டுக்கு. முதல் சில மாதங்களிலேயே பெரிய தள்ளுக்குச் சீட்டை எடுப்பதும், மொத்த வியாபாரியின் 15 நாள் பாக்கியை 60 நாளாக இழுப்பதும் அதன் பின் தானாகவே வந்துவிடுகின்றன. கடையின் நாணயத்துக்குச் சோதனை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்கு இது நிம்மதிதான். ஆனால் சொந்த வீட்டுக்கு வாங்கும் சிமெண்டையும், டைல்ஸையும், கம்பியையும் கடைப் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கடை இருப்பிலிருந்து கல்யாணத்துக்கென்று எடுக்கும் எண்ணெய்க்கும் துணிக்கும்கூட, எடுத்த வரி வரவைத் திருப்பியாக வேண்டும். பிற்பாடு தணிக்கையில் அகப்பட்டால் வட்டியோடு கட்ட நேரும். அப்போது பத்திரிகையில் பெயர் போட்ட பெரியப்பா வந்து கட்டமாட்டார்.

பணம் மட்டுமல்ல, வேலையும் கெடுகிறது. தளத்துக்குக் கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாளும், இப்போது பரவலாக விற்கும் கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாளும், கடும் வெயில் காலமானால் 14 நாளும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். மரம் பதப்பட்ட பிறகே கதவு செய்ய வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது என்பதற்காகச் சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாது. முகூர்த்தத்துக்குப் பயந்து ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உரிந்து வரும்போது, அதைத் திரும்ப அடிக்கக் கையில் காசு இருக்காது.

அப்படியானால் கடை முதலைத் தொடாமல் எப்படிச் செய்வது? வங்கிக் கடன் கிடைப்பதில்லையே என்று உறுப்பினர்கள் சொல்வது நம் காதிலும் விழுகிறது. அதில் பாதி உண்மை. மறு பாதி, வருமானத்தைக் குறைத்துக் காட்டி வந்த நம் பழக்கத்தின் விளைவு. சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் வழக்கமாகக் கேட்பது கடந்த இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு. அதில் காட்டாத வருமானத்துக்கு எந்த மேலாளரும் கடன் தரமாட்டார். மூன்று வருடம் கழித்து வீடு கட்ட நினைப்பவர் இந்த வருடமே கணக்கை நேராக்க வேண்டும்.

இரண்டாவதாக, இரண்டு காரியங்களுக்கும் நடுவே ஒரு வருட இடைவெளியாவது விடுவது நலம். வரன் அமைந்துவிட்டது, தள்ள முடியாது என்றால் கல்யாணத்தை முடித்துவிட்டு வீட்டை நிறுத்தி வையுங்கள். அஸ்திவாரமும் சுவரும் காத்திருக்கும். கல்யாணம் மண்டபத்தில்தான் நடக்கப்போகிறது. சொந்த வீட்டிலேயே மருமகளை அழைக்க வேண்டும் என்று விரும்பினால், ஓர் அறை, சமையலறை, குளியலறை என்று குடியேறும் அளவுக்கு முடித்துக்கொள்ளலாம். பொய்க் கூரை, அலங்கார விளக்கு, வரவேற்பறை அலமாரி முதலியவற்றைப் பிறகு செய்யலாம். அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் மணமக்கள். எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்பதை அவர்களே ஆற அமரத் தீர்மானிக்கட்டும்.

மூன்றாவதாக, கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, கல்யாணத்துக்கு ஒரு கணக்கு என்று மூன்று நோட்டு போடுங்கள். கல்லாவிலிருந்து எடுப்பது ஐந்நூறு ரூபாயானாலும் சிட்டையில் ஏறட்டும். மாதம் இவ்வளவுதான் எடுப்பது என்று முதலாளி தமக்கே ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளட்டும். தீபாவளிக் கொள்முதலுக்கான தொகையைத் தனியே வைத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள்.

பொருள் விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நம்ம ஆள்தானே' என்று சக வணிகருக்குச் சீட்டில்லாமல் சரக்கு அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. ஹார்டுவேர் கடைக்காரருக்கு நகைக்கடைப் பாக்கி தெரியாது. நகைக்கடைக்காரருக்குப் பாத்திரக்கடைப் பாக்கி தெரியாது. மொத்தமும் ஒரே தலையில் ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிகிறது. தவணையை எழுதிக் கொடுத்து, எழுதி வாங்குங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017 ஏப்ரல் 1 முதல் சட்டம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, நம் மனப்போக்கு. ஓர் உறுப்பினரின் வீட்டு முகப்பையும், அவர் வீட்டுப் பந்தியில் எத்தனை வகை என்பதையும் வைத்து அவரை எடை போடும் வழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்தான். மாப்பிள்ளை வீட்டார் வீட்டையும் காரையும் கேட்டால் அது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் யாரும் கேட்காமலே நாம் காட்டும் ஆடம்பரத்தைத் தடுக்கச் சட்டம் இல்லை. நம் சங்கத்தில் வசதியுள்ளவர்கள் எளிமையாக ஒரு கல்யாணம் நடத்திக் காட்டினால், வசதி குறைந்த நூறு பேர் தலை நிமிர்ந்து அதைப் பின்பற்றுவார்கள்.

வீடு வேண்டும், பிள்ளைகளின் கல்யாணமும் சிறப்பாக நடக்க வேண்டும். இரண்டுக்கும் சோறு போடுவது கடை. விருந்து முடிந்த மறுநாள் காலையிலும் வழக்கமான நேரத்துக்குக் கடை திறந்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கிற நிலையில் இருப்பவரே நல்லபடியாகக் காரியம் முடித்தவர் என்று நாம் கருதுகிறோம். வரும் தை மாதத்துக்குள் தேதி குறிக்க இருக்கும் உறுப்பினர்கள், ஜோதிடரைப் பார்க்கும் முன்பு தங்கள் இருப்புக் கணக்கை ஒரு முறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.