கொலையாளி யார் என்று கேட்டால் போதுமா?

மர்மத் தொடர்களைப் பார்த்து மாணவர் கெட்டுப்போகின்றனர் என்ற ஒப்பாரி இன்று ஆசிரியர் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கின்றது. பாலமுனையிலும் கேட்கின்றது, அட்டாளைச்சேனையிலும் கல்முனையிலும் கேட்கின்றது. இரவு இரண்டு மணிவரை கைத்தொலைபேசியில் கொலையும் துப்பும் பார்த்துவிட்டுக் காலையில் இலக்கியப் பாடத்தில் தூங்கி வழிகின்றார்களாம். தடுக்க வேண்டுமாம்; கண்டிக்க வேண்டுமாம். நாம் இதற்கு உடன்படவில்லை. அந்தத் தொடர்களையே வகுப்பறைக்குக் கொண்டுவந்து, மணிக்கூட்டைக் கழற்றிப் பார்ப்பதுபோல் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கின்றோம். கதை சொல்லும் தொழிலைக் கற்பதற்கு நம் மாணவரின் கைக்கெட்டிய பட்டறை இன்று அதுவே.

முதலில் நம் பக்கத்துக் குறையை ஒப்புக்கொள்வோம். தமிழ்த்தினப் போட்டிக்கு மாணவர் எழுதும் சிறுகதைகளைப் படித்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். முதல் வரியில் ஏழை நல்லவன். இரண்டாம் வரியில் முதலாளி கொடியவன். கடைசி வரியில் நீதி. வாசகன் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இதனை மாணவர் எங்கே கற்றனர்? நம்மிடந்தான். முற்போக்கு எழுத்து என்ற பெயரால் எழுதிக் குவிக்கப்பட்ட கதைகளிற் பல இந்த அச்சில் வார்த்தவையே. கருத்துச் சரியாயிருந்தால் கதை தானே அமையும் என்று நம்பினோம். கருத்து நம்மிடமே இருந்தது. வாசகன் மர்மக் கதைக்காரனிடம் போய்விட்டான்.

அவனிடம் அப்படி என்னதான் இருக்கின்றது? எதையாவது ஒளித்துவைப்பதே அவன் வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. எதனை யாருக்கு எப்போது தெரியப்படுத்துவது என்பதே முழு வித்தை. 1955 முதல் 1965 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் தம் பெயராலேயே ஒரு தொடர் நடத்திய அல்பிரட் ஹிட்ச்கொக் இதற்கு எளியதோர் விளக்கம் தந்தார். சிலர் மேசையைச் சுற்றி இருந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசையின் கீழே குண்டு வெடிக்கின்றது. பார்ப்பவனுக்குச் சில கணத் திடுக்கீடு, அவ்வளவே. குண்டு இருப்பது பார்ப்பவனுக்கு முன்னரே தெரிந்து, பேசுவோருக்குத் தெரியாதிருந்தாலோ, அந்த வெற்றுப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் அவன் நெஞ்சைப் பிசைகின்றது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று முகஞ்சுளிப்பார் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தை மறந்தவர்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. பொற்கொல்லன் அரண்மனையை நோக்கி நடக்கும்போதே நம் நெஞ்சு பதறுவது அதனால்தான். யூசுப் நபியின் வரலாறு நம் ஊரில் எழுத்தறியா மூத்தம்மாவுக்கும் தெரியும். தானியம் கேட்டு வந்து நிற்கும் சகோதரர்களுக்குத் தாம் யார் முன்னே நிற்கின்றோம் என்பது தெரியாது, கேட்பவருக்குத் தெரியும். பொய் இரத்தம் பூசிய சட்டை பொய்ச் சாட்சி. பின்புறம் கிழிந்த சட்டை மெய்ச் சாட்சி. மறைநூல் வரலாற்றைப் பொழுதுபோக்குடன் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அதனைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தடயம் என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் கதை என்பதையும் இங்கே நினைவூட்டுவோம். மர்மம் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இவ்வளவு சொன்னதும் எதிர்ப்பக்கத்தார் மகிழ்ந்துவிடக் கூடாது. உத்தியே எல்லாம், பத்து நிமிடத்துக்கொரு திருப்பம் வைத்தால் கதை வென்றுவிடும் என்று பயிற்சி வகுப்பு நடத்துவோரைச் சொல்கின்றோம். அவர்களுக்குக் கதை தூண்டில், பார்ப்பவன் மீன். நாம் அவர்களைக் கேட்பது ஒன்றே: இந்த உத்தி யாருக்காக வேலை செய்கின்றது?

2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘சுழல்’ என்னும் தமிழ்த் தொடரை எடுத்துக்கொள்வோம். சாம்பலூர் என்னும் கற்பனை ஊர், அங்கே ஒரு சீமெந்து ஆலை, தொழிலாளர் போராட்டம், ஆலையில் தீ, அதே வேளையில் தொழிற்சங்கத் தலைவரின் மகளைக் காணவில்லை. எட்டுப் பகுதிகளும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் பின்னணியில் நகர்கின்றன. திறமையான அமைப்பு. நம்பிப் பழகிய மனிதரிடமே பிள்ளைக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்ற கசப்பான உண்மையை அஞ்சாமல் சொன்னதற்காக அதனைப் பாராட்டுகின்றோம். ஆனால் ஆலை என்னவாயிற்று? போராட்டம் என்னவாயிற்று? தொழிலாளரின் கோரிக்கை நம் ஐயத்தை வேறுபக்கம் திருப்பும் ஒரு கருவியாகப் பயன்பட்டுப் பின்னர் மங்கிப்போகின்றது. ஆலை வாசலில் தொடங்கிய கதை வீட்டுக்குள்ளே முடிகின்றது.

2021 ஜூனில் வெளிவந்த ‘தி பேமிலி மேன்’ இரண்டாம் பருவமோ நம்மையே பற்றியது. ஈழத்துப் பெண்ணொருத்தியைப் பயங்கரவாதியாகக் காட்டுகின்றது என்று எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு மே மாதத்தில் இந்திய ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதித் தடை கோரியது. கோபம் நியாயமானது. ஆனால் தடை விதித்தால் அந்தக் கண்கட்டு எப்படி நடக்கின்றது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். உளவு அதிகாரியின் வீட்டை நாம் பார்க்கின்றோம்; மனைவியுடன் அவருக்குள்ள பிணக்கைப் பார்க்கின்றோம்; பிள்ளைகளின் குறும்பைப் பார்க்கின்றோம். ராஜி என்னும் அப்பெண்ணின் கடந்த காலமோ பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே வருகின்றது. யாருடைய வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கின்றார்களோ அவருடைய உறவினராகிவிடுகின்றோம். கதையில் அரசியல் நுழையும் வழி இதுவே. வசனத்தில் அதனைத் தேடுபவன் ஏமாந்துபோவான்.

வேறு வழி உண்டா? உண்டு. 2002 முதல் 2008 வரை வந்த ‘தி வயர்’ என்னும் அமெரிக்கத் தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் நகரத்துப் பத்திரிகை நிருபராக இருந்தவர். அவருடன் உழைத்த எட் பேர்ண்ஸ் அந்நகரின் துப்பறியும் பொலிஸ்காரராக இருந்து பின்னர் பாடசாலை ஆசிரியரானவர். ஆம், நம்மைப் போன்ற ஆசிரியர். அதன் நான்காம் பருவம் நகரத்துப் பாடசாலைக்குள்ளேயே நுழைகின்றது. குற்றவாளி பிடிபடுகின்றான், ஆனால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுகின்றான். இடத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்வி பார்ப்பவனை விடுவதில்லை.

நம் உயர்தர வகுப்பில் நாம் செய்துபார்த்ததைச் சொல்வோம். தொடரின் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டுக் கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினோம். நமக்குத் தெரிந்தது எது? பாத்திரத்துக்குத் தெரிந்தது எது? யாருடைய வீட்டை நாம் பார்க்கவேயில்லை? அதன்பின் அவரவர் பழைய கதைகளைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் சொன்னோம்.

மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். வெளிநாட்டு மோகம் குடும்பத்தைச் சீரழிக்கும் என்ற போதனையே அக்கதை. இரண்டாம் முறை அவள் எழுதியபோது, தாய் நிற்கும் அறையின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருப்பதே முதல் வரியாயிற்று. பின்னர் வெள்ளிக்கிழமைத் தொலைபேசி. வாப்பா, காசு எப்போது வரும் என்கின்றார். தம்பி சப்பாத்துக் கேட்கின்றான். “சுகமாத்தான் இரிக்கன்” என்கின்றாள் உம்மா. பூட்டைப் பற்றிக் கதையில் வேறெங்கும் ஒரு சொல்லும் இல்லை. வாசித்து முடித்ததும் வகுப்பு அடங்கிப்போயிற்று. நெடுநேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “கதவப் பூட்டினவன் மட்டுந்தானா குற்றவாளி, சேர்?”

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினோம். மூதூர் றிஸானா நபீக்கை நம் கரையோரம் மறக்கவில்லை. 2005இல், 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் அவள் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டாள். அவ்வாண்டே அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் நிறைவேற்றப்பட்டது. மர்மத் தொடர் இதில் என்ன கேட்கும்? குழந்தை எப்படி இறந்தது என்று கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்துடன் எழுந்து போய்விடும். பிறந்த ஆண்டை மாற்றி எழுதிய கை யாருடையது? அந்தப் பொய்யால் பணம் பெற்றவர் யார்? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையை விமானமேற்றிய வறுமை யாருக்கு இலாபம்? பெண்கள் அனுப்பும் பணத்தை எண்ணி மகிழும் ஆட்சியாளருக்கு இந்தக் குற்றத்தில் பங்கில்லையா? இவற்றைக் கேட்கும் கதையை எழுதப்போகின்றவன் எங்கோ ஒரு பெருநகரத்தில் இல்லை. நம் வகுப்பில், இரவு விழித்துத் தொடர் பார்த்த கண்களுடன் அமர்ந்திருக்கின்றான்.

ஆசிரிய நண்பர்களே, அவனைத் திட்டி எழுப்ப வேண்டாம். நேற்றிரவு என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். கொலையாளி யார் என்று ஆர்வத்துடன் சொல்வான். சொல்லி முடிக்கட்டும். பிறகு, “அவன் மட்டுந்தானா?” என்று கேளுங்கள். அன்றைய இலக்கியப் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.