ஓட்டுபவருக்கும் முதுகு உண்டு

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டபின், கோலார் தங்கவயலின் உழைப்பு நிலத்தடியிலிருந்து தண்டவாளத்துக்கும் சாலைக்கும் இடம்பெயர்ந்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயில்கள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளைச் சுமந்து செல்கின்றன. ரயில் நேரத்துக்குள் அடங்காத பணிநேரம் வாய்த்தவர்களுக்கு மோட்டார் சைக்கிளே துணை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள் சென்று திரும்புபவர் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் 24 மணி நேரத்தில் 1,000 மைல் கடப்பவருக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அங்கே சாதனையாக எண்ணப்படும் தொலைவின் பெரும்பகுதி இங்கே ஒரு வாரத்துப் பிழைப்பு.

இத்தகையோரின் முதுகைப் பற்றிய பேச்சு நம்மிடம் எழுவதே இல்லை. ஓட்டுபவருக்கான முதுகுத் தாங்கி, அதாவது ரைடர் பேக்ரெஸ்ட், நெடும்பயணப் பிரியர்களின் ஆடம்பரம் என்றோ முதியவர்களின் தேவை என்றோ ஒதுக்கப்படுகிறது. கடையில் பேக்ரெஸ்ட் என்று கேட்டால் பின்னிருக்கைக்காரருக்கு உரியதே பெரும்பாலும் கைக்கு வரும். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வண்டியின் சூப்பர்நோவா வகையில் வரும் பேக்ரெஸ்டும் பின்னால் அமர்பவருக்கே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. அது நியாயமான விதி. ஆனால் மணிக்கணக்கில் கைப்பிடியைப் பற்றியபடி அசையாது அமர்ந்திருப்பவரின் இடுப்பு எவர் கணக்கிலும் வரவில்லை.

இதன் முரண் தங்கவயலிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் தங்கவயல் ஆலையில் புல்டோசர்களும் எக்ஸ்கவேட்டர்களும் உருவாகின்றன. அவ்வகை இயந்திரங்களின் இயக்குநர் இருக்கை எவ்வளவு அதிர்வைக் கடத்துகிறது என்று சோதிப்பதற்கே ஐஎஸ்ஓ 7096 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. மண்ணை அள்ளுபவரின் முதுகு பொறியியலின் பொருளாகும்போது, அதே ஊரிலிருந்து சாலையில் செல்பவரின் முதுகு ஏன் அவரவர் தலைவிதியாக வேண்டும்?

உடலியல் காரணம் எளிது. நிற்கும்போது இடுப்புப் பகுதியின் முதுகெலும்பு சற்று உள்வாங்கி வளைந்திருக்கும். சாய்வின்றி நெடுநேரம் அமர்ந்தால் இடுப்பெலும்பு பின்புறம் சுழன்று அந்த வளைவு தட்டையாகும். தசைகளும் தசைநார்களும் சுமையேற்று அயரும். சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சனும் அவருடைய சகாக்களும் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தனர். தாங்கல் இன்றி அமரும்போது உயரும் அழுத்தம், பின்புறம் சாய்ந்து தாங்கல் பெறும்போது குறைவதை அவர்கள் கண்டனர். நிற்பதைவிட அமர்வது எவ்வளவு அழுத்தம் தரும் என்பதில் பிற்கால ஆய்வுகள் மாறுபட்டன. சாய்வு சுமையைக் குறைக்கும் என்பதில் பெரிய பிணக்கு இல்லை.

ஆகவே தேர்வின் முதல் கேள்வி மெத்தையின் மென்மை அன்று. அது உடலை எங்கே தொடுகிறது என்பதே. பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, உள்வளைவின் மீது அது பொருந்த வேண்டும். தோள்பட்டை வரை உயர்ந்தால் கைகளின் அசைவையும் தலையைத் திருப்பிப் பார்ப்பதையும் தடுக்கும். அடுத்தது முன்பின் நகர்த்தும் வசதி. முழங்கை சற்று மடங்கி, கைகள் தளர்வாகக் கைப்பிடியில் இருக்கையில் தாங்கி முதுகை மெல்லத் தொட வேண்டும். அதை எட்டுவதற்காகக் கைகளை நீட்டிச் சாய வேண்டியிருந்தால் வண்டியின் மீதுள்ள பிடி தளரும். அது முன்னே தள்ளினால் மணிக்கட்டு வலிக்கும். உயரம் குறைந்தவருக்கும் நெடியவருக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது என்பதால், நகர்த்த முடியாத தாங்கியைத் தவிர்ப்பதே நலம்.

மூன்றாவது, பொருத்தும் முறை. சட்டகத்தில் உறுதியாகப் பிணைக்கப்பட்ட தாங்கியே உடலின் எடையை ஏற்கும். சுமை கட்டும் மெல்லிய தகட்டில் திருகியது அதிர்வில் தளரும். பின்னால் ஒருவர் அமரும் வண்டியானால் மடங்கும் அல்லது கழற்றும் வகை கட்டாயம்; இல்லையேல் திடீர் பிரேக்கில் அவர் வயிற்றிலோ மார்பிலோ அது மோதும்.

வண்டியின் வகையும் முடிவைத் தீர்மானிக்கிறது. கால்மிதி முன்னே தள்ளியிருக்கும் க்ரூசர் வண்டியில் எடை முழுதும் வால் எலும்பில் இறங்கும். பள்ளத்தில் எழுந்து நிற்பதும் கடினம். அங்கே தாங்கி பெரும்பயன் தரும். முன்குனிந்து ஓட்டும் வண்டியிலோ, கரடுமுரடான பாதையில் நின்றபடி ஓட்டும் வண்டியிலோ பயன் சிறிது. வாங்குமுன் சோதிக்கச் செலவில்லாத வழியும் உண்டு: போர்வையைச் சுருட்டிப் பையிலிட்டு, கயிற்றின் நுனி சக்கரத்தை அண்டாதபடி பின்னிருக்கையில் இறுகக் கட்டி ஒரு முறை பெங்களூர் போய்வந்தால், எந்த உயரம் பொருந்துகிறது என்பதை உடலே சொல்லிவிடும்.

இது சர்வரோக நிவாரணி அன்று. பள்ளத்தின் செங்குத்தான அதிர்ச்சியைத் தாங்கி விழுங்காது. அது சஸ்பென்ஷனின் வேலை, சாலை போடுபவரின் கடமை. மணிக்கொரு முறை இறங்கி நடப்பதற்கும் அது ஈடாகாது. வலி காலுக்குப் பரவினாலோ மரத்துப்போனாலோ மருத்துவரையே நாட வேண்டும். தாங்கியைக் காட்டி நெடும்பணியை நியாயப்படுத்துவதும் தவறு என்ற வாதத்தில் வலு உண்டு. ஆனால் சமூகம் சீராகும்வரை முதுகு காத்திருக்காது.

தங்கவயலில் தந்தையர் நிலத்தடியில் குனிந்து உழைத்தனர். பாறைத்தூள் அரித்த நுரையீரலைச் சட்டம் தொழில்நோயாக ஏற்க நெடுங்காலம் பிடித்தது. அதுவரை அது வெறும் இருமல். மக்களின் இடுப்புவலியும் இன்று வெறும் அலுப்பு என்றே பெயர் பெற்றிருக்கிறது. தொழில்நலத்தை ஆய்வோர் சுரங்கத்தோடு நின்றுவிடாமல் சாலைக்கும் வர வேண்டும். உழைப்பவரின் சௌகரியத்தை ஆடம்பரம் என்று அழைக்கும் பழக்கத்தைத் தங்கவயல் ஒரு தலைமுறைக்கு மேல் விலை கொடுத்து அறிந்திருக்கிறது.