அரசு உதவித்தொகை எட்டாத வகுப்பறைகள்: ஹைதராபாத்தில் ஏழைக் குழந்தைகளின் படிப்பைத் தாங்கும் அறக்கொடைகள்

ஹைதராபாத்: பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தையின் செலவை யார் ஏற்கிறார்கள்? மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட கல்வி குறித்த மாதிரி ஆய்வு இதற்குத் தெளிவான விடையைத் தந்துள்ளது. கல்விக்குச் செலவு செய்வதாகக் கூறிய மாணவர்களில் 95 விழுக்காட்டினருக்குக் குடும்பத்தினரே முதன்மை ஆதாரம். அரசு உதவித்தொகையை முதன்மை ஆதாரமாகக் குறிப்பிட்டவர்கள் 1.2 விழுக்காட்டினர் மட்டுமே.

குடும்பத்தால் இயலாதபோது எஞ்சியிருப்பவை உறவினர் உதவி, கடன், அறக்கொடை ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றாவது வழி ஹைதராபாத்தில், குறிப்பாகச் சார்மினாரைச் சுற்றியுள்ள பழைய நகரப் பகுதியில், பல தலைமுறைகளாக வேரூன்றியுள்ளது. நிஜாம் குடும்பத்தின் அறக்கட்டளை, ஃபைஸ்-இ-ஆம் போன்ற உள்ளூர் அறக்கட்டளைகள், ரமலான் மாதத்தில் திரட்டப்படும் ஜகாத் நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எனப் பல வழிகளில் பள்ளிக் கட்டணத்துக்கான பணம் வருகிறது. அரசின் உதவித்தொகைத் திட்டங்கள் இத்தனை இருந்தும் அறக்கொடையின் தேவை ஏன் குறையவில்லை என்பதே இன்று எழுந்துள்ள கேள்வி.

திறமைக்குத் தந்த காலம்

ஹைதராபாத்துக்குக் கல்வி உதவித்தொகை புதிதன்று. பின்னாளில் கவிஞராகவும் விடுதலைப் போராட்டத் தலைவராகவும் விளங்கிய சரோஜினி நாயுடு, 1895ஆம் ஆண்டு தமது 16ஆம் வயதில் நிஜாம் அரசின் உதவித்தொகையுடன்தான் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். அவருடைய தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயா நிஜாம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அக்காலத்தில் உதவித்தொகை என்பது சிறந்து விளங்கிய ஒருவரை மேலும் உயர்த்துவதற்கான பரிசாகவே கருதப்பட்டது.

இன்றைய தேவை வேறு. ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிப்பை நிறுத்தவிருக்கும் குழந்தையை அடுத்த ஆண்டும் வகுப்பறையில் இருக்கச் செய்வதே இப்போதைய சவால். ஆயினும் அரசுத் திட்டங்களின் விதிகளில் பழைய நோக்கின் சாயல் இன்னும் தொடர்கிறது.

விதிகளுக்கு வெளியே நிற்போர்

எட்டாம் வகுப்புக்குப் பின் ஏற்படும் இடைநிற்றலைத் தடுக்க 2008ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்ததே தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேர் புதிதாகத் தேர்வு செய்யப்படுகின்றனர். இதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்களும் தெலங்கானாவுக்கு 2,921 இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இதைப் பெற ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதன் பிறகு தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் மாணவன் இந்த இரு தடைகளையும் தாண்டுவது அரிது. படிப்பை நிறுத்தும் வாய்ப்பு யாருக்கு மிகுதியோ, அவரே தேர்வுப் பட்டியலிலிருந்து முதலில் விலகிப்போகிறார்.

மற்றொரு விதி ஹைதராபாத்தை நேரடியாகப் பாதிக்கிறது. மாநில அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்போருக்கு மட்டுமே இந்த உதவித்தொகை உரியது. பழைய நகரத்தின் நிலையோ முற்றிலும் வேறுபட்டது. 2000களின் முற்பகுதியில் சார்மினார், பகதூர்புரா, பண்ட்லகூடா ஆகிய மூன்று மண்டலங்களின் ஏழ்மைப் பகுதிகளில் பிரிட்டிஷ் கல்வியாளர் ஜேம்ஸ் டூலியின் குழுவினர் நடத்திய கணக்கெடுப்பில் 918 பள்ளிகள் கண்டறியப்பட்டன. அவற்றில் அரசுப் பள்ளிகள் 35 விழுக்காடு. மாணவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் குறைந்த கட்டணம் வசூலிக்கும் தனியார் சுயநிதிப் பள்ளிகளிலேயே படித்தனர். ஆட்டோ ஓட்டுநர், தள்ளுவண்டி வியாபாரி, வீட்டுப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளும் ஆங்கிலவழிக் கல்வியை நாடி இப்பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அரசின் பார்வையில் இவர்கள் தனியார் பள்ளி மாணவர்கள். வருமானத்தைப் பார்த்தால் இவர்களும் ஏழைகளே.

2022இல் விழுந்த இடைவெளி

இத்தகைய குடும்பங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்து வந்த ஓர் ஆதரவும் 2022ஆம் ஆண்டு சுருங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வழங்கப்பட்டு வந்த சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை, 2022-23 கல்வியாண்டு முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் எனக் குறைக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை அரசு இலவசக் கல்வி அளிக்கிறது என்பது மத்திய அரசு கூறிய காரணம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உறுதி செய்கிறது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆனால் தெலங்கானா மாநிலம் உருவான பின்னரும் பல ஆண்டுகள் இந்த ஒதுக்கீடு அங்கு நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் ஏழைக் குழந்தைக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லாத நிலை உருவானது. அறக்கொடை நிரப்புவது இந்த வெற்றிடத்தையே.

அரசு சேர்த்துவிட்ட மாணவர்களுக்கும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. பட்டியலின, பழங்குடி மாணவர்களைத் தேர்ந்தெடுத்த தனியார் பள்ளிகளில் சேர்க்கும் தெலங்கானா அரசின் திட்டத்தில் கட்டண நிலுவை பெருகியதால், 2025 அக்டோபரில் சில பள்ளிகள் பிள்ளைகளை அனுமதிக்க மறுத்தன. பெற்றோர் போராட்டத்தில் இறங்கினர். அடுத்த மாதமே கல்விக் கட்டண நிலுவையை வழங்கக் கோரி தனியார் கல்லூரிகள் கதவடைப்பில் ஈடுபட்டன. உத்தரவில் இருக்கும் பணம் உரிய நாளில் வராவிட்டால், அதன் சுமை மாணவர் மீதே விழுகிறது.

சிறிய தொகை, பெரிய விளைவு

மேற்கண்ட மத்திய ஆய்வின்படி, அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாயும், பிற பள்ளிகளில் 25,002 ரூபாயும் குடும்பங்கள் செலவிடுகின்றன. குறைந்த கட்டணப் பள்ளிகளின் செலவு இந்தச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் நாள் கூலியில் வாழும் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், முதலில் நின்றுபோவது பள்ளிக் கட்டணம்தான். மூன்று, நான்கு மாதத் தவணை சேர்ந்துவிட்டால் குழந்தை பள்ளிக்குச் செல்லக் கூசுகிறது. தேர்வு நெருங்கும் வேளையில் கேள்விகள் கடுமையாகின்றன.

பள்ளியை மாற்ற முயன்றால் மாற்றுச் சான்றிதழ் தடையாகிறது. அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்குச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், அது தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கூறுகிறது. கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இந்த உரிமையை அறியாத பெற்றோர் பலர், நிலுவையைக் கட்ட இயலாமல் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றனர்.

உதவித்தொகையின் பயனுக்கு உறுதியான சான்றும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் உடனே சேர முடியாத 2,064 மாணவர்களை கானா நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் 682 பேருக்கு முழு உதவித்தொகை தரப்பட்டது. உதவி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தோரின் விகிதம், பெறாதவர்களைக் காட்டிலும் 26 புள்ளிகள் கூடுதலாக இருந்தது.

கட்டணம் மட்டும் போதுமா?

மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்திய ஆய்வில், குலுக்கலில் தேர்வான குழந்தைகள் நிதியுதவியுடன் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தெலுங்கிலும் கணிதத்திலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விஞ்சவில்லை. இந்தியில் மட்டும் முன்னிலை பெற்றனர். கட்டணம் கட்டுவதாலேயே கற்றல் மேம்பட்டுவிடாது என்பதை இது காட்டுகிறது. அதே சமயம், இதே முடிவைக் குறைந்த செலவில் அப்பள்ளிகள் எட்டின என்பதும் ஆய்வில் தெரியவந்தது.

ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட மாமிடிபூடி வெங்கடரங்கய்யா அறக்கட்டளை வேறொரு பாதையைக் காட்டியது. 1981இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் சாந்தா சின்ஹாவின் தலைமையில் 1990களில் ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்கத் தொடங்கியது. பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளரே என்பது அதன் நிலைப்பாடு. மீட்கப்பட்டவர்களை இணைப்புப் பயிற்சி முகாம்களில் தயார்செய்து, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தனர். 2003ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்ற சாந்தா சின்ஹா, பின்னர் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார். ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்ற கருத்தை அவருடைய பணி தகர்த்தது. பள்ளியை விட்டு விலகிய குழந்தையைத் தேடிச் செல்லவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதையும் அது உணர்த்தியது.

அந்தத் தேடலின் அவசியத்தை நகரம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2015 ஜனவரியில் பழைய நகரத்தின் வளையல் தயாரிப்புக் கூடங்களிலிருந்து 200க்கும் மேற்பட்ட சிறுவர்களைக் காவல்துறையினர் மீட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் பெயரில்லாத குழந்தையைக் கட்டண உதவி சென்றடையாது.

தமிழ்நாட்டின் வழி

மதிப்பெண்ணை அளவுகோலாக்காத ஒரு முறையைத் தமிழ்நாடு பின்பற்றுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. முன்னர் திருமணத்துக்கு அளிக்கப்பட்ட நிதியுதவியே இவ்வாறு கல்விக்குத் திருப்பப்பட்டது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மூலம் மாணவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. பள்ளியில் இறுதிவரை தங்குவதே இங்கு தகுதி. ஆனால் பணம் பள்ளிப் படிப்பை முடித்த பிறகே கிடைக்கும். எட்டாம் வகுப்பில் தடுமாறும் குடும்பத்துக்கு அது தொலைவில் உள்ள நம்பிக்கை.

செய்ய வேண்டியவை

நாடு தழுவிய போக்கு நம்பிக்கை தருகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் தரவுகளின்படி, இடைநிலை வகுப்புகளில் இடைநிற்றல் விகிதம் 2023-24இல் 10.9 விழுக்காடாக இருந்து, 2024-25இல் 8.2 விழுக்காடாகக் குறைந்துள்ளது. நடுநிலை வகுப்புகளில் அது 3.5 விழுக்காடு. இரண்டையும் ஒப்பிடும்போது, எட்டாம் வகுப்பைக் கடந்ததும் ஆபத்து இருமடங்குக்கு மேல் உயர்வது தெளிவாகிறது. சட்டத்தின் இலவசக் கல்வி உறுதி முடிவதும் இதே இடத்தில்தான்.

அறக்கொடையாளர்கள் தம் பணத்தை முதலில் செலுத்த வேண்டிய இடமும் இதுவே. ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வருகிறது. பள்ளிகள் திறப்பதோ ஜூன் மாதத்தில். திரட்டிய நிதியின் ஒரு பகுதியை ஆண்டின் நடுவில் தடுமாறும் குடும்பங்களுக்காக ஒதுக்கி வைப்பது பயன் தரும். மதிப்பெண்ணுக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டைப் பார்த்து, தொடர்ந்து வராத மாணவரின் வீட்டை நாடினால் உதவி உரியவரைச் சேரும். கட்டணத்தைப் பள்ளியில் நேரடியாகச் செலுத்தி ரசீது பெறுவதும், ஒரே மாணவருக்கு இரு அமைப்புகள் உதவி மற்றொருவர் விடுபடுவதைத் தவிர்க்கப் பட்டியல்களை ஒப்பிடுவதும் அதிகச் செலவில்லாத வழிகள்.

ஆயினும் அறக்கொடை கொடுப்பவரின் மனத்தையும் வசதியையும் பொறுத்தது. ஓராண்டு வந்தது மறு ஆண்டும் வரும் என்ற உறுதி அதில் இல்லை. 25 விழுக்காடு ஒதுக்கீட்டை நிறைவேற்றுவது, நிலுவையைக் காலத்தில் தீர்ப்பது, வருமானத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட உதவியை எட்டாம் வகுப்புக்குக் கீழேயும் விரிவாக்குவது ஆகியவை அரசால் மட்டுமே இயலும். அதுவரை, பழைய நகரத்தின் பல குழந்தைகள் அடுத்த வகுப்புக்குச் செல்வது யாரோ ஒருவர் செலுத்தும் சில ஆயிரம் ரூபாயையே நம்பியிருக்கும்.