சண்டைன்னே ஒரு ஊர்!

லண்டனிலிருந்து ரயிலேறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஊர் வருகிறது. பெயர், 'பேட்டில்'. அதாவது சண்டை! ஸ்டேஷன் போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கோஷ்டி இறங்க இதைவிடப் பொருத்தமான ஸ்டேஷன் உலகத்திலேயே கிடையாது.

எனக்கும் லண்டன்வாசி அண்ணனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா விட்டுப்போன கும்பகோணம் வீடுதான் காரணம். "நேர்ல போய் நின்னா எல்லாம் சரியாயிடும்" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தவள் என் மனைவி. அண்ணன் கையெழுத்துப் போடவேண்டிய பவர் பத்திரம் அவள் ஹேண்ட்பேக்கில் பத்திரமாக இருந்தது.

அண்ணன் வீட்டில் தங்கி நாலு நாளாச்சு. எல்லாப் பேச்சும் என் பையன் வழியாகத்தான். "பெரியப்பாவைக் கேளுடா, டிக்கெட் வாங்கியாச்சான்னு." "உங்கப்பன்கிட்ட சொல்லு, வாங்கியாச்சுன்னு." இரண்டு பேருக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி சார்!

உள்ளே போனால் பெரிய புல் சரிவு. ஆடுகள் மேய்கின்றன. இங்கேதான் 1066 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் தலையெழுத்து மாறியது. யோசித்தால் அதுவும் சொத்துத் தகராறுதான். ராஜா எட்வர்டுக்கு வாரிசு இல்லை. ஜனவரியில் அவர் கண்ணை மூடினார். மறுநாளே மச்சினன் ஹெரால்டு முடிசூட்டிக்கொண்டார். "எனக்குத் தர்றதா எட்வர்டு வாக்குக் குடுத்திருக்கார்" என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து நார்மண்டி வில்லியம் கிளம்பினார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ்... எதுவும் கிடையாது. அப்புறம் என்ன, வெட்டுக்குத்துதான்!

மேட்டின் மேல் ஹெரால்டின் ஆட்கள் கேடயங்களைச் சேர்த்துச் சுவர் மாதிரி நின்றார்கள். கீழேயிருந்து ஏறிவந்த நார்மன்களால் அதை உடைக்க முடியவில்லை. பயந்து ஓடுவதுபோல் திரும்பி ஓடினார்கள். மேலே இருந்தவர்களில் பலர் வரிசையை விட்டுத் துரத்திக்கொண்டு இறங்க, திரும்பி நின்று போட்டார்கள் ஒரு போடு. (இதை நடித்துக் காட்டிய என் பையன் சரிவில் உருண்டு, ஓர் ஆட்டின் காலடியில் போய் நின்றான்.) பொழுது சாய்வதற்குள் ஹெரால்டு காலி. அவர் தம்பிகள் கிர்த், லியோஃப்வின் இருவரும் அதே களத்தில் காலி.

"அண்ணனுக்காகத் தம்பிங்களும் செத்தாங்களா பெரியப்பா?" என்றான் பையன்.

அண்ணன் காதில் ஆடியோ கைடு. அதைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர் செத்தாங்க. டோஸ்டிக்னு இன்னொரு தம்பி இருந்தான். பதவி போச்சுங்கிற கோபத்துல நார்வே ராஜாவோட சேர்ந்துக்கிட்டு அண்ணன் மேலயே படையெடுத்தான்."

"அப்புறம்?"

"அண்ணன்காரன் வடக்கே யார்க் வரைக்கும் போய்ச் சண்டை போட்டான். தம்பி செத்தான். அதுக்கப்புறம் பத்தொன்பதாவது நாள், இங்கே அண்ணன்."

நான் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயித்த வில்லியம், இத்தனை பேரைக் கொன்றதற்குப் பரிகாரமாக இங்கே மடம் கட்டச் சொன்னார். ஹெரால்டு விழுந்த இடத்தில்தான் பலிபீடம் வரவேண்டும் என்று கண்டிப்பு. "மேட்டுல தண்ணியே இல்லையே பிரபு!" என்று துறவிகள் முனக, "தண்ணியைவிட அதிகமா ஒயின் தர்றேன்" என்றாராம். மடத்தின் பழைய வரலாற்றிலேயே இது இருக்கிறது. நம்ம ஊர் அரசியல்வாதி தோற்றார்! நானூற்றி சொச்சம் வருஷம் ஜபம் நடந்தது. 1538-ல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். தேவாலயத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். துறவிகள் தூங்கிய கட்டடம் கூரையில்லாமல் நிற்கிறது. பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு கல் மட்டும்.

அதன் பக்கத்துப் புல்தரையில் அண்ணி புளியோதரைத் தூக்கைத் திறந்தார். அம்மாவின் பக்குவம். வாசனையிலேயே தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்து, ஹேண்ட்பேக்கின் ஜிப்பைப் பாதி திறந்தாள். நான் தலையாட்டினேன், வேண்டாமென்று.

அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார். அந்தக் கல்லையே பார்த்தார். பையனைத் தேடினார். அவன் ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

"நம்ம வீட்டுக் கெணத்துல..." என்றார், என்னைப் பார்க்காமலே. "தண்ணி கெடக்காடா?"

"கெடக்குண்ணே" என்றேன். "இந்த வருஷம் கைக்கெட்டுற மாதிரி கெடக்கு."