பியானோ வகுப்பும் பெற்றோரின் அவசரமும்

சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைப் பியானோ வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டை எதிர்பார்க்கின்றனர்: சில மாதங்களில் உறவினர் முன் வாசித்துக் காட்ட ஒரு திரைப்பாடல், ஓராண்டில் லண்டன் முத்திரை பதித்த ஒரு கிரேடு சான்றிதழ். முயன்றால் இரண்டும் கிடைத்துவிடும். ஆனால், அவை கிடைத்த குழந்தைக்குப் பியானோ வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது என்பதே இங்குள்ள சிக்கல்.

முதலாண்டில் குழந்தை செய்யும் வேலை வெளிப்பார்வைக்குத் தெரிவதைவிடக் கடினமானது. பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக மொத்தம் 88 கட்டைகள் இருந்தாலும், தொடக்க மாதங்களில் நடுவிலுள்ள ஒரு கைப்பிடி அளவுக் கட்டைகளுக்குள்ளேயே பாடம் நடக்கிறது. இரு கைகளிலும் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என எண்ணப்படுவதால், ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது வலக்கையில் ஒலி மேலேறுகிறது, இடக்கையில் கீழிறங்குகிறது. இசைக்குறிப்பிலும் இதே இருமை உண்டு. ஐந்து கோடுகள் கொண்ட இரண்டு தொகுதிகளில் மேலே இருப்பது வழக்கமாக வலக்கைக்கும், கீழே இருப்பது இடக்கைக்கும் உரியது; மேல்தொகுதியின் அடிக்கோடு ‘ஈ’ சுரத்தையும் கீழ்த்தொகுதியின் அடிக்கோடு ‘ஜி’ சுரத்தையும் குறிப்பதால், ஒரே தோற்றமுள்ள குறியைக் குழந்தை இரண்டு விதமாகப் படித்தாக வேண்டும். ஆகவே, தனித்தனியே பிசிறின்றி வாசித்த கைகளைச் சேர்த்து வாசிக்கச் சொன்னதும் பாடல் சிதறிப்போவது இயல்பு. இதைப் பின்னடைவு என்று கருதி ஆசிரியரை மாற்றும் பெற்றோர், சரியாக அந்தக் கட்டத்தில்தான் காத்திருக்க வேண்டியவர்கள்.

கர்நாடக இசை வகுப்பில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மூன்று காலங்களில் மாதக்கணக்கில் ஓடுவதைத் தமிழ்க் குடும்பங்கள் பொறுமையாக ஏற்றுக்கொள்கின்றன. கீர்த்தனை எப்போது என்று முதல் மாதத்தில் யாரும் கேட்பதில்லை. அதே பொறுமை பியானோவுக்கு மறுக்கப்படுவதற்கு, அது கட்டையை அழுத்தினாலே சுருதி பிசகாமல் ஒலிக்கும் கருவி என்பது ஒரு காரணமாகலாம். ஒலி எளிதாக வந்துவிடுவதால், வாசிப்பும் எளிதென்ற மயக்கம் பிறக்கிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. காதுக் கூர்மையுள்ள குழந்தை ஆசிரியர் இரண்டு முறை வாசித்ததுமே பாடலை மனத்தில் பதித்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டு விரல்களைப் பார்த்தே வாசித்துவிடும். பெற்றோர் பூரிக்கலாம், ஆனால், குறிப்பைப் படிக்கும் பழக்கம் அந்த அளவுக்குப் பின்தங்குகிறது. அந்தக் காது பெரிய சொத்து. படிப்புக்கு அது மாற்றாகிவிடக் கூடாது.

கிரேடு தேர்வுகள் இந்தக் குறையை மறைக்க வல்லவை. லண்டன் சான்றிதழ் வழங்கும், 1889-இல் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் நேர்முகச் செய்முறைத் தேர்வில் 150 மதிப்பெண்களில் 90, முன்கூட்டியே தயாரித்த மூன்று பாடல்களுக்கு உரியவை. ‘ஸ்கேல்’ எனப்படும் சுர வரிசைகளுக்கு 21, முன்பின் பார்த்திராத சிறு பகுதியைப் படித்து வாசிப்பதற்கு 21, கேட்டறியும் திறனுக்கு 18. தேர்ச்சிக்கு 100 போதும். ஆண்டு முழுவதும் மூன்றே பாடல்களை உருப்போட்ட குழந்தை, படித்து வாசிப்பதில் தடுமாறினாலும் தேறிவிட முடியும். இது தேர்வின் குற்றமன்று. பல பாடல்கள் பழகிய பிறகு எழுத வேண்டிய தேர்வையே பாடத்திட்டமாக்கிக் கொண்டவர்களின் குற்றம்.

பியானோ கற்றால் கணக்கு வரும், மூளை வளரும் என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புவது நல்லது. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாகிப் பரபரப்பான ஆய்வு, மோட்சார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்களிடம் சில நிமிடங்களே நீடித்த ஒரு மாற்றத்தைப் பற்றியது. அதில் குழந்தைகளும் இல்லை, இசைப் பயிற்சியும் இல்லை. டொராண்டோவில் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் கொண்டு கிளென் ஷெல்லன்பெர்க் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று புள்ளிகளே கூடுதலாக உயர்ந்திருந்தது. இசையை இசைக்காகக் கற்பிக்க விரும்பாதவர்கள், இந்த மூன்று புள்ளிகளுக்காகப் பியானோ வாங்க வேண்டியதில்லை.

கருவியைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் முக்கியம். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃப்ளோரன்சில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இக்கருவியின் புதுமையே, விரலின் விசைக்கேற்ப ஒலி மெல்லவும் உரக்கவும் எழுவதுதான். எப்படி அழுத்தினாலும் ஒரே அளவில் ஒலிக்கும் மலிவான கீபோர்டில் பழகும் குழந்தைக்கு அந்த வித்தியாசம் எட்டுவதேயில்லை. எனவே கட்டைகளுக்கு எடையுள்ள டிஜிட்டல் பியானோவேனும் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பிச் சுருதி விலகும் சென்னையில், பராமரிக்க முடியாத பழைய மரப் பியானோவைவிட அதுவே மேல். வார இறுதியில் ஒரு மணி நேரம் என்பதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் பெற்றோர் அருகில் இருக்கப் பழகுவது பலன் தரும்.

இரண்டாம் ஆண்டு முடிவில், இதுவரை பார்த்திராத நான்கு வரிப் பாடல் ஒன்றைக் குழந்தையின் முன் வைத்து, உதவியின்றி வாசிக்கிறதா என்று பார்க்கும்படி ஆசிரியரைக் கேளுங்கள். வாசித்தால் தேர்வுக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டலாம். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு எளிய பாடல் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.