திக்கிப் பேசினால் சிரிக்காதீர்!

நூறு பேர் கூடி இருந்தால், அவர்களில் ஏறக்குறைய ஒருவருக்குத் திக்குவாய் இருக்கும். சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும். ஆனால் வாய் இடம் கொடுக்காது. முதல் எழுத்தே நாலைந்து முறை வரும். அல்லது தொண்டையிலேயே நின்று விடும்.

இது அறிவுக் குறைவா? இல்லை. கோழைத்தனமா? அதுவும் இல்லை. பேச்சை நடத்தும் மூளை வேலை செய்யும் விதத்தில் உள்ள வேறுபாடு. சில குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வரும். ஆகவே, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதாலோ, தலையில் குட்டுவதாலோ இது தீராது. நாக்கின் மீது குற்றமே இல்லை!

பெரும்பாலும் 2 வயது முதல் 5 வயதுக்குள் திக்குவாய் தொடங்கும். அப்படித் திக்கும் குழந்தைகளில், நான்கில் மூன்று பேருக்குப் போகப் போகச் சரியாகி விடுகிறது. மற்றவர்களுக்கு நீடிக்கிறது.

திக்குவதை விடக் கொடியது, அதனால் வரும் வெட்கம். விடை தெரிந்தும் பையன் வகுப்பில் எழுந்திருக்க மாட்டான். போக வேண்டிய ஊரின் பெயர் வாயில் வராமல், பஸ்சில் வேறு ஊருக்கு டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு!

1939-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள அயோவா மாநிலத்தில், அனாதைக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடம், "உனக்குத் திக்குகிறது" என்று ஓயாமல் குறை சொன்னார்கள். என்ன ஆயிற்று? அந்தக் குழந்தைகள் வாய் திறக்கவே கூசினார்கள். ஒடுங்கிப் போனார்கள். சோதனை நடத்திய பல்கலைக்கழகம், 2001-ம் ஆண்டில் அதற்காக மன்னிப்புக் கேட்டது.

அதே 1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், போர் தொடங்கிய செய்தியை ஒட்டி ரேடியோவில் பேசினார். அவருக்கும் திக்குவாய்! லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர் 1926-ம் ஆண்டு முதல் அவருக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். திக்கு அடியோடு போய்விடவில்லை. ஆனாலும் மன்னர் பேசினார். நாடே காத்திருந்து கேட்டது.

குறை சொன்னால், நன்றாகப் பேசும் குழந்தையும் ஊமையாகிறது. பொறுமையாகக் கேட்டால், திக்குகிறவரும் பேசுகிறார்.

பெற்றோர்களே! குழந்தை திக்கினால், "மெதுவாகப் பேசு" என்று அதட்டாதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அது சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். சில மாதங்கள் ஆகியும் திக்கு நிற்காவிட்டால், பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில், காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆசிரியர்களே! வகுப்பில் யாரும் சிரிக்க இடம் கொடுக்காதீர்கள்.

சினிமாவில் திக்குவாயைக் காட்டிச் சிரிக்க வைத்தது போதும். திக்குகிறவருக்கு நாம் கொடுக்க வேண்டியது இரக்கம் அல்ல. அரை நிமிட நேரம்!